ஜே மாஸ்கிஸ் பெயரில் வரும் ஸ்குவையர் ஜாஸ்மாஸ்டர்: வாங்கலாமா, வாங்கினால் என்ன செய்ய வேண்டும்?

பிரபலங்களின் கையெழுத்தோடு வரும் கிட்டார்களில் பாதிக்கு மேல் பழைய மாடலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவைதான். ஹெட்ஸ்டாக்கில் (கம்பியை முறுக்கும் தலைப்பகுதி) ஒரு கிறுக்கல், விலையில் ஒரு கூட்டல். ஃபெண்டரின் மலிவு விலைப் பிராண்டான ஸ்குவையர், டைனோசர் ஜூனியர் என்ற அமெரிக்க ராக் பேண்டின் கிட்டாரிஸ்ட் ஜே மாஸ்கிஸ் பெயரில் 2011இல் கொண்டுவந்த ஜாஸ்மாஸ்டரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. வந்த புதிதில் அமெரிக்காவில் ஏறக்குறைய 500 டாலர். வெள்ளைப் பாடி, தங்க நிற அலுமினியப் பிக்கார்டு (பாடியைக் கீறலிலிருந்து காக்கும் தகடு), ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கம் அடக்கமாக ஒரு கையெழுத்து. பார்க்க அவ்வளவுதான். ஆனால் இதில் ஃபெண்டரின் பழைய வடிவமைப்பிலிருந்து விலகும் இடங்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மனிதர் இருபத்தைந்து வருடம் மேடையில் அடித்து நொறுக்கிக் கண்டுபிடித்த திருத்தம். அந்த மனிதர் எப்படி வாசிக்கிறார் என்று தெரியாமல் இதை வாங்கினால் ஏமாற்றம்தான். தெரிந்து வாங்கினால் இந்த விலையில் இதைவிட நல்ல பேரம் குறைவு.

முதலில் அடிப்படை விவரம். பாஸ்வுட் பாடி, மேப்பிள் நெக், 25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்), 21 ஜம்போ ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த தடித்த உலோகக் கோடுகள்), விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டின் வளைவு 9.5 அங்குல ஆரம். பளபளப்பில்லாத, லேசாகப் பழுப்பேறிய பூச்சு நெக்கில். கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப் இரண்டு, கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்கும் மிதக்கும் ட்ரெமலோ, ஜாஸ்மாஸ்டருக்கே உரிய மேல்பக்கத் தனிச் சர்க்யூட். பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மட்டும் ஜாஸ்மாஸ்டருடையது இல்லை. கிப்சன் கிட்டார்களில் இருக்கும் டியூன்-ஓ-மேட்டிக் வகை. ஃபெண்டர் அதை அட்ஜஸ்டோ-மேட்டிக் என்று சொல்லிக்கொள்ளும்.

அந்தப் பிரிட்ஜ் ஏன் என்பதற்கு 1958க்குப் போக வேண்டும். ஜாஸ்மாஸ்டர் அந்த வருடம் ஃபெண்டரின் உச்சி மாடலாக, ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் மேலே வைக்கப்பட்டு வந்தது. பெயரே சொல்வதுபோல ஜாஸ் வாசிப்பவர்களுக்காக. தடித்த, வழவழப்பான ஃபிளாட்வௌண்டு கம்பிகள் போட்டு, அடக்கமாக விரலோட்டுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. ஜாஸ்காரர்கள் சீந்தவில்லை. கடலலைச் சறுக்கு விளையாட்டோடு வளர்ந்த சர்ஃப் இசைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அந்த அலையும் ஓய்ந்தது. 1980இல் உற்பத்தியே நின்றது. ஸ்ட்ராட்டுக்கு விலை ஏறிக்கொண்டே போக, ஜாஸ்மாஸ்டர் அமெரிக்க அடகுக் கடைகளில் அடிமாட்டு விலைக்குக் கிடந்தது. காசில்லாத இளைஞர்கள் கையில் அது சேர்ந்ததும், பிறகு பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி ராக்கின் அடையாளமே ஆனதும் இப்படித்தான். மாஸ்கிஸும் ஸ்ட்ராட் வாங்கத்தான் ஆசைப்பட்டார். கையிருப்புக்கு ஜாஸ்மாஸ்டர்தான் கட்டுப்படியானது.

மாஸ்கிஸ் 1965இல் பிறந்தவர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே ஆம்ஹெர்ஸ்ட் என்ற கல்லூரி ஊர்க்காரர். பல் மருத்துவரின் மகன். அவர் முதலில் கிட்டாரிஸ்ட் இல்லை என்பதுதான் இந்த விமர்சனத்துக்கு முக்கியமான செய்தி. எண்பதுகளின் தொடக்கத்தில் டீப் வூண்ட் என்ற ஹார்ட்கோர் (வேகமான, முரட்டு பங்க்) பேண்டில் அவர் டிரம்ஸ் வாசித்தார், கிட்டார் லூ பார்லோ. அது கலைந்ததும் 1984இல் டைனோசர் தொடங்கியது. மாஸ்கிஸ் கிட்டாருக்கும் பாட்டுக்கும் வந்தார், பார்லோ பேஸுக்குப் போனார், டிரம்ஸில் மர்ஃப். வேறு ஒரு மூத்த பேண்டு பெயருக்கு உரிமை கோரியதால் பின்னால் 'ஜூனியர்' ஒட்டிக்கொண்டது. டிரம்ஸிலிருந்து வந்தவருக்குக் கிட்டார் சப்பென்று இருந்தது. டிரம்ஸில் மெல்லத் தட்டலாம், ஓங்கி அறையலாம். கிட்டாரில் அந்த ஏற்ற இறக்கம் கைக்கு வரவில்லை. அதை ஈடுகட்டத்தான் காலடியில் ஒலியைச் சிதைத்துத் தடிப்பாக்கும் ஃபஸ் பெடல்களும், முதுகுக்குப் பின்னால் ஆளுயர மார்ஷல் ஆம்ப் அடுக்குகளும். சரணம் பாடும்போது சாதாரண ஒலி, பல்லவி வந்ததும் பெடலை மிதித்தால் சுவர் இடிந்து விழுகிற மாதிரி. இது வெறும் சத்தப் பித்து இல்லை, டிரம்மரின் தர்க்கம். 1987, 1988இல் எஸ்எஸ்டி லேபிளில் வந்த இரண்டு ஆல்பங்களில் அதைத் தெளிவாகக் கேட்கலாம்.

இப்படி ஓங்கி அறைகிற வலது கைக்குப் பழைய ஜாஸ்மாஸ்டர் பிரிட்ஜ் தாங்காது. அந்தப் பிரிட்ஜில் ஒவ்வொரு சாடிலும் (கம்பி உட்காரும் துண்டு) மரையிட்ட சிறு உருளை, அதில் மெல்லிய பள்ளங்கள். பிரிட்ஜுக்கும் ட்ரெமலோவுக்கும் நடுவே தூரம் அதிகம் என்பதால் கம்பி மடங்கும் கோணம் மிகக் குறைவு. தடித்த கம்பி என்றால் இறுக்கமே அதை அழுத்திப் பிடித்துவிடும். இன்றைய மெல்லிய 9, 10 கம்பிகளை (முதல் கம்பியின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டு ஓங்கி மீட்டினால் கம்பி பள்ளத்தைவிட்டுத் தாவும், உயரத் திருகுகள் அதிர்ந்து தானே இறங்கும், எங்கிருந்தோ ஒரு கரகரப்பு வரும். அட்ஜஸ்டோ-மேட்டிக் இந்த மூன்றையும் ஒரே அடியில் தீர்க்கிறது. சாடிலில் ஒரே ஆழப் பள்ளம், இரண்டு பருமனான போஸ்ட், அசைவு கிடையாது. எவ்வளவு அடித்தாலும் கம்பி அங்கேயே இருக்கும். மாஸ்கிஸ் தன் கிட்டார்களில் பல வருடம் இதைத்தான் மாட்டியிருந்தார். ஃபெண்டர் 2007இல் ஊதா மினுமினுப்பில் வெளியிட்ட அவருடைய முதல் மாடலிலும் இதுவே. ஸ்குவையர் அதன் எளிய தம்பி.

ஆனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிய கதை இது. பழைய பிரிட்ஜ் வேண்டுமென்றே ஆடும். ட்ரெமலோவை அழுத்தினால் கம்பியோடு சேர்ந்து முன்னும் பின்னும் சாயும், அதனால் கம்பி சாடிலில் உரசாது. இங்கே பிரிட்ஜ் அசையாது, கம்பிதான் சாடில்மேல் சறுக்க வேண்டும். பள்ளத்தில் பிசிறு இருந்தால் கம்பி திரும்பி வரும்போது முழுசாக வராது, சுருதி தப்பும். ட்ரெமலோவை லேசாக அசைத்து அலை எழுப்புகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஒரேயடியாக அழுத்தித் தந்தி தொங்க விடுகிறவர்களுக்குத் தொல்லைதான். சாடில் பள்ளங்களிலும் நட்டிலும் (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) 2பி பென்சில் முனையைத் தேய்த்தால் பாதி சரியாகும். மீதிக்கு ஒரு பழக்கம் வேண்டும்: அழுத்திவிட்டதும் கைப்பிடியைச் சற்றே மேலே இழுத்துவிட்டால் கம்பி தன் இடத்துக்கு வரும். பிரிட்ஜையே மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, இதன் போஸ்ட் துளைகள் பழைய ஜாஸ்மாஸ்டர் அளவில் இல்லை. சாதாரண ஜாஸ்மாஸ்டர் பிரிட்ஜ் நேரடியாக உட்காராது, இடையில் பொருத்துகுழாய் வேண்டும்.

இன்னொரு குறை பலர் கண்ணில் படுவதில்லை, காதில் மட்டும் படும். ஃபிங்கர்போர்டு 9.5 அங்குல வளைவு. டியூன்-ஓ-மேட்டிக் வகைப் பிரிட்ஜோ பொதுவாக 12 அங்குல வளைவு, அதாவது இன்னும் தட்டை. ஓரத்து இரண்டு கம்பிகளின் உயரத்தைச் சரியாக வைத்தால் நடுவில் உள்ள மூன்றாம், நான்காம் கம்பிகள் ஃபிரெட்டுக்கு மிக நெருங்கிவிடும். கணக்குப் போட்டால் பிரிட்ஜில் ஏறக்குறைய 0.3 மி.மீ. வித்தியாசம், 12ஆம் ஃபிரெட்டில் அதில் பாதி. சின்ன எண்தான். ஆனால் மூன்றாம் கம்பியை ஒரு முழு ஸ்வரம் வளைத்து இழுக்கும்போது ஒலி செத்துப்போவதற்கு இது போதும். ஆட்கள் ஃபிரெட் வேலை சரியில்லை என்று கிட்டாரைத் திருப்பி அனுப்புகிறார்கள்! பிழை பெரும்பாலும் ஃபிரெட்டில் இருக்காது.

திருத்தும் வழி: ஓரத்து ஒன்றாம், ஆறாம் கம்பிகளின் சாடில் பள்ளத்தை 0.3 மி.மீ. அளவுக்கும், இரண்டாம், ஐந்தாம் கம்பிகளுடையதை 0.1 மி.மீ. அளவுக்கும் ஆழமாக்கிவிட்டுப் பிரிட்ஜ் முழுவதையும் அதற்கேற்ப உயர்த்துவது. நட் ஃபைல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கம்பியின் பருமனுக்கு ஒத்த பழைய சுற்றுக்கம்பித் துண்டில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கலாம். ஐந்து இழுப்பு, கம்பியைப் போட்டு அளவு, மறுபடி ஐந்து இழுப்பு. பள்ளம் ட்ரெமலோ பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும், நெக் பக்க விளிம்பில்தான் கம்பி தங்க வேண்டும். தலைகீழாகிவிட்டால் சிதார் மாதிரி ஒரு கிணுகிணுப்பு வரும். ஆழம் கூடிப்போனால் புதுச் சாடில்தான், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

செட்டப் வரிசையைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் இந்தக் கிட்டார் பாதிதான். வருகிற 9-42 கம்பிகளைக் கழற்றி எறியுங்கள். 10-46 குறைந்தபட்சம், ஓங்கி அடிப்பவர்களுக்கு 11-49. கம்பி மாறினால் இழுப்பு மாறும், ஆகவே ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு மறுநாள் நெக்கைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), ஆறாம் கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, எட்டாம் ஃபிரெட்டில் இடைவெளி 0.25 மி.மீ. இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் உள்ளே வளைவைக் கட்டுப்படுத்தும் கம்பி) வலப்பக்கம் கால் சுற்று, குறைந்தால் இடப்பக்கம் கால் சுற்று. ஒரே நாளில் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நெக் ஒரே மாதிரி இருக்காது. வருடத்துக்கு இரண்டு தடவை இதை அளப்பது நல்லது.

அடுத்து பிரிட்ஜ் உயரம். 17ஆம் ஃபிரெட்டில் கம்பியின் அடிக்கும் ஃபிரெட்டின் தலைக்கும் நடுவே 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. மாஸ்கிஸ் பாணியில் அடிக்கிறவர்கள் 1.8 வரை போகலாம். பள்ளம் தேய்க்கும் வேலை இந்தக் கட்டத்தில். அந்த உயரத்தை எட்டும்போது பிரிட்ஜ் பாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றால் நெக்கின் சாய்மானம் போதவில்லை என்று அர்த்தம். நெக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியில் பிக்கப் பக்க முனையில் அரை மி.மீ. மரச் சீவலை வைத்து மறுபடி பூட்டுங்கள். நெக் பின்னால் சாயும், பிரிட்ஜை உயர்த்தலாம், கம்பி மடங்கும் கோணமும் கூடும். எதிர் முனையில் வைத்துவிடாதீர்கள், எல்லாம் தலைகீழாகும். பிறகு 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடில் பின்னால் போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால்.

ட்ரெமலோ கைப்பிடி தளர்ந்து தொங்கினால் செருகும் முனையில் குழாய்க்காரர் டெஃப்லான் டேப் ஒரு சுற்று. அது போதும்.

பிக்கப்தான் அடுத்த விவாதம். அசல் ஜாஸ்மாஸ்டர் பிக்கப் அகலமாக, தட்டையாகச் சுற்றிய காயில். கம்பிக்கு நேர் கீழே இருக்கும் உருளைகளே காந்தம். அதனால் ஒலி விரிந்து, தண்ணீர் தெறிப்பதுபோல மேலே பளிச்சென்று இருக்கும். இந்தக் கிட்டாரில் வெளிமூடி ஜாஸ்மாஸ்டர், உள்ளே ஏறக்குறைய கிப்சனின் பி-90 வகைப் பிக்கப்: காயிலுக்கு அடியில் பட்டைக் காந்தம், மேலே இரும்பு முனைகள். வெளிவரும் சிக்னலின் பலம் அதிகம், நடு அதிர்வெண் தடிப்பு, உச்சியில் அந்தப் பளிச்சிடல் குறைவு. அசல் ஒலிப் பிரியர்கள் இதைத் துரோகம் என்கிறார்கள். சர்ஃப் வாசிக்கவோ, தெளிந்த அர்பெஜியோவுக்கோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) வாங்குகிறவர்கள் சொன்னால் அது நியாயம். ஃபஸ்ஸுக்கு வாங்குகிறவர்களுக்கு இந்தத் துரோகம்தான் வேண்டும்.

காரணம் பிக் மஃப். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 1969இல் கொண்டுவந்த இந்தப் பெடல்தான் மாஸ்கிஸ் ஒலியின் நடுத்தூண். அதிலும் எழுபதுகளின் நடுவில் வந்த, உறை மூலையில் ஆட்டுக்கடா முகம்போல ஒரு சிறு படம் போட்ட ராம்ஸ் ஹெட் வகை. உள்ளே நான்கு டிரான்சிஸ்டர் கட்டம், நடு இரண்டில் டயோடுகள் ஒலி அலையின் தலையையும் காலையும் வெட்டுகின்றன. கடைசியில் வரும் டோன் பகுதி 1 கிலோஹெர்ட்ஸ் அருகே நடுவைக் குழி பறித்துவிடும். வீட்டில் தனியாகக் கேட்டால் மலைபோல இருக்கும் மஃப், பேண்டோடு சேர்ந்ததும் காணாமல் போவது இந்தக் குழியால்தான். மனிதக் குரலும் ஸ்நேர் டிரம்மும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கிட்டார் இல்லை. நடு தடித்த பிக்கப்பும், நடுவைத் தூக்கிக் கொடுக்கும் மார்ஷலும் சேர்ந்து அந்தக் குழியை நிரப்புகின்றன. பிக்கப்பை ஜாஸ்மாஸ்டர் அசலாக மாற்றிவிட்டு 'மஃப் மெலிந்துவிட்டது' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் மாற்றியதே பிழை.

பழைய ராம்ஸ் ஹெட் இன்று சேகரிப்பாளர் விலை. 2019இல் அதே நிறுவனம் கையடக்கமாக வெளியிட்ட ராம்ஸ் ஹெட் போதும், 9 வோல்ட், மூன்றே குமிழ்கள். சிதைவின் அளவைக் கூட்டும் சஸ்டெயினைக் கடிகார முள்ளின் இரண்டு மணி நிலையிலும், டோனைப் பதினொரு மணிக்கும் வையுங்கள். வால்யூமில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பெடல் போட்டாலும் போடாவிட்டாலும் சத்தம் ஒன்றாக இருக்கும்படி வைப்பது வழக்கம், இங்கே அது வேண்டாம். மிதித்தால் சத்தம் கண்கூடாக ஏற வேண்டும். முன்னே சொன்ன டிரம்மர் தர்க்கம் நினைவிருக்கட்டும்: ஸ்நேரைத் தட்டுவதற்கும் அறைவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த இசையின் உயிர். ஆம்ப் முன்கூட்டியே லேசாகப் பிளிறும் நிலையில் இருக்கட்டும், மஃப் அதற்கு மேல் ஏறட்டும். தனி வாசிப்புக்கு இன்னொரு ஓவர்டிரைவ் (மிதமாகச் சிதைக்கும் பெடல்). மாஸ்கிஸ் பெரிதும் பயன்படுத்தும் எலெக்ட்ரிக் மிஸ்ட்ரெஸ் ஃபிளேஞ்சர் மஃபுக்குப் பிறகு வந்தால் ஒலி சுழன்று பெருகும், முன்னால் வந்தால் சேறாகும்.

100 வாட் மார்ஷல் அடுக்கு யார் வீட்டுக்கும் தேவையில்லை. 15 வாட் வால்வு ஆம்ப் நிறைய. குறைந்த சத்தத்தில் மஃப் கொசு ரீங்காரம்போலக் கேட்டால் ஆம்பின் டிரெபிளைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள், நடுவை ஏற்றுங்கள். ஹெட்ஃபோன் வழியாக என்றால் ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் வசதி) இல்லாமல் ஃபஸ்ஸைக் கேட்கவே கேட்காதீர்கள், காது புண்ணாகும். காது என்றதும் இன்னொன்று: இந்த இசையைச் சத்தமாக வாசிக்கும் யாரும் காதடைப்பான் இல்லாமல் ஒத்திகைக்குப் போகக் கூடாது.

மேல்பக்கத் தனிச் சர்க்யூட் பற்றி. 'கிட்டார் வந்தது, சத்தமே வரவில்லை' என்ற புகாரில் பாதி இதனால். மேலே உள்ள சறுக்கு சுவிட்சை ஏற்றிவிட்டால் நெக் பிக்கப் மட்டும்தான் வேலை செய்யும். கீழே உள்ள வால்யூம், டோன் குமிழ்கள் செத்துப்போகும். ஒலியும் தொனியும் மேலே பக்கத்தில் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களின் கையில். அவை பூஜ்யத்தில் இருந்தால் மௌனம். ஓங்கி வாசிக்கும்போது கை பட்டு இந்தச் சுவிட்ச் ஏறிவிடுவதும் சகஜம். அதனால் பலர் டேப் ஒட்டி வைக்கிறார்கள். வீண் செய்வானேன்? மேல் வால்யூமை நாலில் வைத்துவிட்டு சரணத்துக்கு அதில் வாசியுங்கள், பல்லவிக்குச் சுவிட்சைக் கீழே தட்டுங்கள். பெடலே இல்லாமல் மெல்லொலியும் பேரொலியும் கிடைக்கும். ஜாஸ்காரர்களுக்காகச் செய்த வசதி கடைசியில் சத்தக்காரர்களுக்குத்தான் பொருத்தம்.

ஜாஸ்மாஸ்டர் வடிவமைப்பில் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடை) 1 மெகா ஓம். ஸ்ட்ராட்டில் 250 கிலோ ஓம். மதிப்பு கூடக்கூட உச்சி அதிர்வெண் எர்த்துக்கு ஒழுகாது, ஒலி கூர்மையாக இருக்கும். பிரிட்ஜ் பிக்கப் பல்லைக் கூசவைக்கிறது என்பவர்கள் பிக்கப்பை மாற்றுமுன் அந்த இடத்தில் 500 கிலோ ஓம் ஒன்றைப் பற்றவைத்துப் பாருங்கள். செலவு சொற்பம், வித்தியாசம் உடனே கேட்கும். இரண்டும் சிங்கிள் காயில், ஆகவே உறுமல் உண்டு. ஜாஸ்மாஸ்டர் வடிவமைப்பில் இரண்டு பிக்கப்பையும் சேர்த்தால் அது அடங்க வேண்டும், கடையிலேயே சோதியுங்கள். பிரிட்ஜுக்கும் ட்ரெமலோவுக்கும் நடுவே கிடக்கும் கம்பித் துண்டும் தானாகக் கிணுகிணுக்கும், ஃபஸ் அதை ஊதிப் பெரிதாக்கும். சோனிக் யூத் என்ற நியூயார்க் பேண்டு போன்றவர்கள் அங்கேயே தட்டி இசை செய்தார்கள். 1986இல் அவர்களோடு டைனோசர் சுற்றுப்பயணம் போனதும் உண்டு. அந்த ஒலி வேண்டாதவர்கள் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிவிடலாம்.

நெக்குக்கு மட்டும் மறுபேச்சில்லாத பாராட்டு. ஜம்போ ஃபிரெட்டில் விரல் மரத்தைத் தொடுவதே இல்லை. கம்பியை வளைத்து இழுக்க அவ்வளவு சுலபம். மாஸ்கிஸ் தனி வாசிப்பு வேகத்தால் ஆனது இல்லை. பாட்டின் மெட்டை எடுத்து, வளைத்து, அழ வைத்து, கடைசியில் அலற விடுவது. அவருடைய சோம்பல் குரல் சொல்லாமல் விட்டதைக் கிட்டார் சொல்லும். அதற்கு இந்த நெக் சரியான துணை. புதியவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: உயர்ந்த ஃபிரெட்டில் இடது கை தேவைக்கு மேல் அழுத்தினால் சுருதி ஏறும். அது கிட்டாரின் பிழை இல்லை.

கையெழுத்துக்காரரின் மீதி வாழ்க்கையும் இந்தக் கருவியின் குணத்துக்குப் பொருந்துகிறது. 1989இல் பார்லோ வெளியேற்றப்பட்டார், அதுவும் நேருக்கு நேர் சொல்லாமல் பேண்டு கலைந்ததாகச் சொல்லி. 1991இல் பெரிய லேபிளில் வந்த முதல் ஆல்பத்தில் பெரும்பாலான கருவிகளை மாஸ்கிஸே வாசித்தார், டிரம்ஸ் உட்பட. மர்ஃபும் பின்னர் விலக, 1997 ஆல்பத்தோடு பெயரையே மூட்டை கட்டினார். பிறகு தி ஃபாக் என்ற பெயரில் இரண்டு ஆல்பம், விட்ச் என்ற பேண்டில் மறுபடி டிரம்ஸ். நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு: கேரளத்து மாதா அமிர்தானந்தமயியின் பக்தர் இவர், அவருக்காக 2005இல் ஒரு பஜனை ஆல்பமே செய்தார். அதே வருடம் டைனோசர் ஜூனியரின் முதல் மூன்று ஆல்பங்கள் மறுபதிப்பாக வர, பழைய மூவரும் ஒன்றாக மேடை ஏறினார்கள். மறுவருடமே நியூயார்க்கில் அவர்களின் கருவிகள் மொத்தமாகத் திருடு போயின. பெரும்பாலான மறுசேர்க்கைகள் டிக்கெட் காசோடு முடியும். இவர்கள் 2007 தொடங்கி 2021 வரை ஐந்து புது ஆல்பம் தந்துவிட்டார்கள், ஆம்ஹெர்ஸ்டில் மாஸ்கிஸின் பிஸ்க்விட்டீன் ஸ்டூடியோவில் பதிந்து. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சத்தக் கிட்டார் கடைக்கு வந்த அதே 2011இல்தான் சப் பாப் லேபிளில் அவருடைய அமைதியான அக்கூஸ்டிக் ஆல்பம் வந்தது.

மாற்று என்ன இருக்கிறது? ஸ்குவையரின் கிளாசிக் வைப் அறுபதுகள் ஜாஸ்மாஸ்டர் அசல் ஒலிக்கு நெருக்கம், அல்னிகோ காந்தப் பிக்கப், உயரமான குறுகிய ஃபிரெட். சுத்தமான ஒலிக்கும் ட்ரெமலோவுக்கும் அதுவே தேவலை. முரட்டுக் கைக்கும் ஃபஸ்ஸுக்கும் மாஸ்கிஸ் மாடல். ஃபெண்டர் 2022இல் அவர் பெயரில் நீல மினுமினுப்பு டெலிகாஸ்டர் ஒன்றையும் வெளியிட்டது. ஸ்டூடியோவில் தனி வாசிப்புகளுக்கு அவர் டெலிகாஸ்டரைத்தான் எடுப்பார் என்பதால் அதுவும் வெறும் பெயர் விளையாட்டு இல்லை. ஆனால் விலை வேறு வகுப்பு.

பழையது வாங்குவதானால் சில இடங்களைக் கை வைத்துப் பாருங்கள். பிரிட்ஜ் போஸ்ட் இரண்டும் நேராக நிற்கிறதா, நெக் பக்கம் சாய்ந்திருக்கிறதா? பாஸ்வுட் மென்மையான மரம், தடித்த கம்பி வருடக்கணக்கில் இழுத்தால் துளை விரியும். மேல் சுவிட்சைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள், கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் போகும், ஒலி விட்டுவிட்டு வந்தால் போகாது. ஜாக்கின் நட்டைத் திருகிப் பாருங்கள், அது தளர்ந்து உள்ளே கம்பி முறுகியிருக்கும் வாய்ப்பு அதிகம். சாடில் பள்ளங்களைப் பாருங்கள்: ஓரத்துப் பள்ளங்கள் நிதானமாக ஆழமாக்கப்பட்டிருந்தால் முன்னவர் விவரம் தெரிந்தவர், இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். தங்க நிறப் பிக்கார்டில் கை உரசிய இடம் வெள்ளியாகியிருந்தால் அது குறையில்லை, விலை குறைக்கக் கேட்காதீர்கள். கேஸ் தனியாக வாங்கும்போது ஜாஸ்மாஸ்டர், ஜாகுவார் என்று குறித்ததையே கேளுங்கள். ஸ்ட்ராட் வடிவத்துக்கு உள்ளே வெட்டிய கேஸில் இந்தக் கோணல் இடுப்புப் பாடி உட்காராது.